ஓர் அறை, ஓர் ஆசிரியர்

ஒவ்வோர் ஆண்டும் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்கும்போது பெற்றோர் சிலர் தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐந்து வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுப் பையனையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், ஒரே ஆசிரியை யாருக்கு என்னதான் சொல்லித் தருவார்? இதை ஒரு பள்ளி என்று சொல்ல முடியுமா?"

கேள்வி நியாயமானதுதான். வாரம் முழுவதும் வகுப்புக்கு ஓர் அறை, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நம் வகுப்பு சந்தைக்கடை மாதிரித்தான் தோன்றும். ஆனால் கேட்கும் பெற்றோரின் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ எழுத்தறிந்தவராக இருந்திருந்தால், அவர் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் அகரம் பழகியிருப்பார். திண்ணைப் பள்ளிக்கூடமும் அதற்குப் பின் வந்த ஓராசிரியர் பள்ளியும்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கல்வியைக் கொண்டு சேர்த்தன. அவற்றின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், நம் வகுப்பைப் பற்றிய கவலைக்கும் விடை கிடைக்கும். நாம் உண்மையில் கவலைப்பட வேண்டிய வேறொரு விஷயமும் தெரியவரும்.

திண்ணையும் மணலும்

திண்ணைப் பள்ளிக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், இல்லையென்றால் ஒரு மரத்தடி போதும். ஏடு தொடங்கிய பிள்ளை முதலில் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகும். கை நன்றாகப் படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி என்று படிப்பு வளரும்.

கணக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கண்டு மிரள்கிறார்கள். அந்தக் காலத்துப் பையன்கள் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று என்று வாய்ப்பாடாகவே ஒப்பித்தார்கள். நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கும் ஊரில் அந்தக் கணக்கு இல்லாமல் ஒரு நாள்கூடப் பிழைக்க முடியாது. மாலையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உரத்த குரலில் 'முறை' சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். சிறியவன் தன் பாடத்தோடு பெரியவனின் பாடத்தையும் தினமும் காதால் கேட்டுக்கொண்டே வளர்வான்.

ஆசிரியர் ஒருவர்தான், பிள்ளைகளோ பல நிலைகளில் இருப்பார்கள். எப்படிச் சமாளித்தார்? அதற்காகத்தான் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லித் தருவான், அவர்கள் எழுதியதைப் பார்ப்பான், தப்பைத் திருத்துவான். சொல்லித் தருவதால் அவனுடைய படிப்பும் உறுதிப்படும்.

பெல்லாரி ஜில்லா கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்பெல் 1823-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தப் பள்ளிகளின் நடைமுறை விரிவாக உள்ளது. பெல்லாரி அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடுதல்! பெரிய மாணவர் சின்ன மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும், செலவே இல்லாமல் எழுதப் பழக்கும் முறையையும் அவர் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது பொருத்தமே என்கிறார். கூடவே, பிள்ளைகள் பொருள் தெரியாமல் நெட்டுருப் போடுகிறார்கள் என்ற குறையையும் சொல்லத் தவறவில்லை.

கடல் கடந்த சட்டாம்பிள்ளை

இங்கிலாந்து எங்கே, சட்டாம்பிள்ளை எங்கே என்று வாசகர்கள் வியக்கலாம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னையில் இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக இருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டவர், அதைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான்.

ஊர் திரும்பிய பெல் 1797-இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றொரு பள்ளி இருக்கிறது. பெயருக்குக் காரணம் பெல்லின் நன்கொடையும் அவர் சென்னையில் கண்ட முறையும்தான்.

ஒரே அறையில் பல வயதுப் பிள்ளைகள் இருப்பதை நாம் குறையாகப் பார்க்கிறோம். பெரியவன் சிறியவனுக்குச் சொல்லித் தர முடிந்ததே அவர்கள் ஒரே இடத்தில் இருந்ததால்தான்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் பழம்பெருமை பேசியதாக ஆகிவிடும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்தளித்தபடி, ராஜதானியின் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தான் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு தகர்த்துவிட்டது. தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூலின் மூலம் இது பலருக்கும் தெரியவந்தது. தமிழ் ஜில்லாக்களில் படித்த பிள்ளைகளில் பெரும்பான்மையோர் பிராமணரல்லாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதும் அதிலிருந்து தெரிந்தது. பல ஊர்களில் முன்பு இருந்த பள்ளிகள் இப்போது இல்லை, மக்கள் வறுமைப்பட்டதே காரணம் என்று கேம்பெல் 1823-இலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே! நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே கிடையாது. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் ஒரு பகுதி. அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவன் திண்ணையில் எப்படி உட்கார முடியும்? பள்ளி இருந்த ஊரிலேயே வாழ்ந்தும் பள்ளியில்லாதவர்களாக அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

இன்னொன்று, அடி. கோதண்டம், அண்ணாந்தாள் என்று தண்டனைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அடியும் வதையும் மலிந்திருந்தன. பழைய முறைக்கு ஏங்குபவர்கள் அந்தப் பிரம்பையும் சேர்த்துத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதவு திறந்த கதை

ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு வழி மெல்ல மெல்லத்தான் திறந்தது. கிறிஸ்தவ மிஷன்களின் பள்ளிகள் ஒருபுறம். கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறை அடுத்த ஊரூரில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி இன்னொருபுறம். 1920-இல் சென்னை ராஜதானியில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தீர்மானித்தது.

சுதந்திரத்துக்குப் பின்னும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் பள்ளி என்ற பேச்சே இல்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு ஆசிரியர் வேலை கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பும் திட்டத்தை மத்திய அரசு 1953-இல் வகுத்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசரும், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவும் அந்தப் பணத்தை வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பள்ளியே இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புகள். ஓலைக் கூரையா, ஓட்டுக் கூரையா என்பது ஊரின் வசதியைப் பொறுத்தது.

1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து ஊர் ஊராக மாநாடுகள் நடந்தன. பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை, நிலம் என்று அவரவரால் முடிந்ததை ஊர்மக்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அரசு ஆசிரியரை அனுப்பியது, ஊர் தன் பள்ளியைத் தாங்கிக்கொண்டது. பிறகு 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். இன்று இந்தத் தலைநகரில் அரசாங்க உத்தியோகத்திலும் வங்கியிலும் இருக்கும் நம்மவர்களில், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவர் யார் என்று கேட்டால், அப்படியொரு ஓட்டுக்கூரைப் பள்ளியைச் சொல்பவர்கள் எத்தனையோ பேர்!

அந்தப் பள்ளிகளை அழகுபடுத்திச் சொல்லவும் கூடாது. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே பார்த்தார். ஒரு வகுப்புக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு வகுப்புக்குப் பாடம் படிப்பார், மூன்றாம் வகுப்பு சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல். தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கு, மேலதிகாரி கூப்பிட்டனுப்பிய கூட்டம் என்று அவர் வெளியே போனால் கதவில் பூட்டு தொங்கும்.

இதையெல்லாம் உணர்ந்துதான் 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் 'கரும்பலகைத் திட்டம்' வந்தது. எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் இயன்றவரை ஒருவர் பெண் என்பது அதன் குறிக்கோள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொன்னது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஆயினும் என்ன? மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 கணக்குப்படி, ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். இரண்டாவது ஆசிரியரைக் கேட்பது அந்தப் பிள்ளைகளின் உரிமை. அதை எளிமையின் பெருமை பேசி மறைக்கக் கூடாது.

பழைய முறையில் இருந்த நல்லது மட்டும் அழியாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகவே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைப் பார்த்துப் படிக்கும் முறையை உருவாக்கினார்கள். அதைக் கற்றுவந்த சென்னை மாநகராட்சி 2003-இல் தன் பள்ளிகளில் தொடங்க, 2007-இல் அது 'செயல்வழிக் கற்றல்' என்று தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிறகு அதில் மாற்றங்கள் பல வந்தன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலை நேரத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், கிடைத்த இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பல இடங்களில் அது வீட்டுத் திண்ணையாகவே இருந்தது. இம்முறை பெரும்பாலும் பெண்களே ஆசிரியர்கள்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவோம்.

முதலாவதாக, அறை ஒன்றுதான் என்று வருந்துவதை விட்டுவிட்டு அதன் வசதியைப் பயன்படுத்துவோம். உயிர்மெய் முடித்த பிள்ளைக்கு, அப்போதுதான் அகரம் தொடங்கும் இரண்டு குழந்தைகளை ஒப்படைக்கலாம். பதின்மூன்று வயதுப் பையன் தமிழ் வகுப்பு என்றாலே முகம் சுளிக்கிறான் என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். அவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிப் பாருங்கள், பிரம்பு மட்டும் வேண்டாம்! வகுப்பு முடியும்போது ஐந்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து முறை சொல்லட்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாரம் முழுதும் பேசும் பிள்ளைகளின் வாய்க்குத் தமிழ் பழக இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவதாக, ஆசிரியையைத் தாங்குவது நம் எல்லோருடைய பொறுப்பு. அந்தக் காலத்தில் வாத்தியாருக்கு நெல் அளந்தார்கள். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அவருக்குப் பணம் திரட்டினார்கள். நாமோ பொங்கல் விழாவில் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பெற்றோர் இருவர் முறை வைத்து ஒவ்வொரு வாரமும் வகுப்பில் உடன் இருந்தால், ஓராசிரியர் பள்ளி மூவர் பள்ளி ஆகிவிடும்.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திண்ணையின் பெருங்குறை அதன் வாசலில் இருந்தது என்று பார்த்தோம். நம் வகுப்பின் வாசலில் யார் நிற்கிறார்கள்?

தில்லியில் தமிழர் என்றால் அரசு அலுவலர்கள் மட்டும்தானா? வீட்டு வேலைக்கும், கட்டட வேலைக்கும், சிறு வியாபாரத்துக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல்லாண்டுகளாக வாழ்கின்றன. நிஜாமுதீன் அருகே பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த 'மதராஸி கேம்ப்' அப்படிப்பட்டது. 2025 ஜூன் 1-ஆம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முடிவாயிற்று. அந்த வீடுகள் தில்லியின் வட கோடியில், நரேலாவில். அருகிலிருந்த தமிழ்ப் பள்ளிக்குச் சென்றுவந்த பிள்ளைகளுக்கு அங்கிருந்து அந்தப் பள்ளி எட்டாத தூரம். தகுதி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1923-இல் தலைநகரில் வேலை பார்த்த ஒரு சில தென்னாட்டவர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விச் சங்கம்தான் வளர்ந்து இன்று தில்லி தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவர்கள் நிலமும் கட்டடமும் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாம் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? நரேலாவில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பது நம் சங்கத்தால் ஆகாத காரியமா? ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதி போதும். அந்தக் குடியிருப்பிலேயே பள்ளிப் படிப்பு முடித்த பெண் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். ஒரு கரும்பலகை, ஒரு பாய், தமிழ்ப் பாடநூல்கள். நம்மில் மெட்ரோ ஏறி வரத் தயாராக உள்ள ஓய்வுபெற்றவர்கள் மாதம் ஒரு ஞாயிறு போய் வரலாம்.

பள்ளிக்கூடங்களின் முறையான படிப்புக்கு இது மாற்று ஆகாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளியும் போதிய ஆசிரியர்களும் வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் கடமை. ஆனால் கேட்டது கிடைக்கும் வரையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாய்மொழியை எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிடுவார்கள்.

ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் ஒரு பள்ளியைத் தொடங்கலாம் என்பதற்கு நம் ஊர்களின் இருநூறு ஆண்டு வரலாறு சாட்சி. யாரைச் சேர்த்துக்கொண்டோம், யாரை வெளியே நிறுத்தினோம் என்பதற்கும் அதே வரலாறுதான் சாட்சி. அடுத்த பொதுக்குழுவில் நரேலா வகுப்பைப் பற்றிய ஒரு தீர்மானம் வரட்டும். முன்மொழிய நான் தயார். வழிமொழிய அன்பர்கள் முன்வர வேண்டும்.